முத்தை மதிப்பிட்ட முன்னோர்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக் குளிப்பிலும் முத்து வணிகத்திலும் நம் முன்னோர் சிறந்து விளங்கினர் என்பதை நாம் பெருமையுடன் பேசி வருகின்றோம். காயல்பட்டினமும் கீழக்கரையும் இவ்வணிகத்தால் பெயர் பெற்ற ஊர்கள். ஆயினும், ஒரு முத்தை அவர்கள் எவ்வாறு மதிப்பிட்டு வாங்கினர் என வினவினால் நம்மில் பெரும்பாலோர் விடையறியோம்.

வணிகரின் சோதனை சிப்பி திறக்கப்படும் முன்னரே தொடங்கிவிடும். 1905ஆம் ஆண்டு இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு. எஞ்சிய அரசின் பங்கு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலம் விடப்பட்டது. மூடிய சிப்பிக்குள் இருப்பதைக் கண்டவர் எவருமிலர். மாதிரிச் சிப்பிகளில் கிடைத்த முத்துக்களைக் கொண்டே விலையைக் கணிக்க வேண்டும். கணிப்புத் தவறியவர் கைப்பொருளை இழந்தார்.

கழுவியெடுத்த முத்துக்கள் பின்னர் 'பெட்டி' எனப்படும் பித்தளைச் சல்லடைகளில் இடப்பட்டன. 20 துளையுடைய பெட்டி முதல் 1000 துளையுடைய பெட்டி வரை பத்துப் பெட்டிகள் ஓர் அடுக்கு. துளைகளின் எண்ணிக்கை கூடக் கூட முத்தின் பருமன் குறையும். பருமன் பிரித்தபின் உருட்சியும் ஒளியும் நோக்கப்பட்டன. இரண்டும் குறைவற அமைந்தது ஆணி. சற்றே குறைந்தது அனதாரி. அதன்பின் கலிப்பு, குருவல், பீசல் எனத் தரங்கள் இறங்கும். மிகச் சிறியது தூள்.

இவ்வறிவு மிகத் தொன்மையானது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே வட்டம், அனுவட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி என வடிவையும், குளிர்ந்த நீர், சிவந்த நீர் என நீரோட்டத்தையும் பிரித்துரைக்கின்றன.

விலைக்கணக்கு 'செவ்வு' எனப்பட்டது. மொத்த எடையை மஞ்சாடியில் கண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, முக்கால் பங்கெடுத்து, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுப்பர். 2 மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்துக்கு 3 செவ்வு. அதே எடையில் இரண்டு முத்துக்கள் இருப்பின் ஒன்றரைச் செவ்வே. பெரிய முத்து அரிது என்பதை இக்கணக்கே உணர்த்திவிடும்.

1921இல் ஜப்பானிய வளர்ப்பு முத்துக்கள் லண்டன் சந்தைக்கு வந்தபின் காலம் மாறியது. தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பின் சலாபம் நடைபெறவில்லை. அங்கேயே 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர். இன்று முத்து வாங்குவோர் பல்லில் மெல்ல உரசிப் பார்க்கின்றனர். நறநறவென்றால் அது கண்ணாடிப் போலியன்று எனலாம். ஆனால் இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா என்பதை அவ்வுரசல் கூறாது. அதற்கு ஊடுகதிர்ச் சோதனையே வழி. பெருவிலை கொடுப்போர் இதனை மறவாதிருத்தல் நலம்.

நம் இல்லங்களின் பழம்பெட்டகங்களில் துளையிட்ட பித்தளைக் கிண்ணங்களோ, செவ்வுக் கணக்கேடுகளோ இருக்கக்கூடும். அவற்றைப் பழைய பாத்திரக் கடைக்கு அனுப்பும் முன் ஒரு கணம் சிந்திப்போமாக. முன்னோரின் உழைப்புக்குச் சான்றாக நம்மிடம் எஞ்சியிருப்பவை அவையே.