சோப்பு கேட்கக் கற்ற கதை – பிரெஞ்சு ஓட்டல் வாக்கியங்கள்

பிரெஞ்சு மொழியில் சோப்புக்கு 'சவோன்' என்று பெயர். இன்று ஓட்டலில் இதைக் கேட்க வேண்டிய தேவை அதிகம் இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போன வெளிநாட்டவருக்கு இது மிக அவசியமான சொல். காரணம், அப்போது பல ஓட்டல்களில் அறையில் சோப்பு வைக்க மாட்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள், பில்லிலும் சேர்ப்பார்கள்!

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1867ல் ஒரு பயணக் குழுவோடு கப்பலில் ஐரோப்பா வந்தார். அந்த அனுபவத்தை 'தி இன்னசென்ட்ஸ் அப்ராட்' என்ற நூலாக 1869ல் வெளியிட்டார். மார்செய் நகரம் சோப்புக்கு உலகப் புகழ் பெற்றது. அந்த ஊர் ஓட்டலிலேயே சோப்பு இல்லை என்று அதில் கிண்டல் செய்திருக்கிறார்.

அதே நூலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவருடைய பயணத் தோழர் ஒருவர் பாரிஸ் ஓட்டல் முதலாளிக்குப் பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதுகிறார். ஏன் சோப்பு வைப்பதில்லை, திருடிவிடுவேன் என்று நினைப்பா, ஒரு மெழுகுவர்த்திக்கு ஏன் இரண்டுக்குக் காசு என்று கேட்கிறார். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் மொழி தெரியாதவன் தன் பணத்துக்குக் கணக்குக் கேட்கக்கூட எவ்வளவு தடுமாறினான் என்பதும் அதில் தெரிகிறது.

மின்விளக்கு இல்லாத அந்தக் காலத்தில் மெழுகுவர்த்திக்கு ('பூழி') பில்லில் தனிக் கட்டணம் போடுவது வழக்கம். சுடுதண்ணீரை ('ஓ ஷோத்') வேலையாள்தான் மாடிக்குச் சுமந்து வர வேண்டும். எதற்கும் வாய் திறந்து கேட்டாக வேண்டும். இதனால்தான் பயணிகளுக்கான உரையாடல் கையேடுகள் நன்றாக விற்பனையாயின. ஜெர்மனியின் கார்ல் பெடேக்கர் நிறுவனம் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என நான்கு மொழிகளில் ஒரு கையேடு வெளியிட்டது. வழிகாட்டிகளையும் விடுதிக்காரர்களையும் நம்பியிராமல் பயணி தானே சமாளிக்க வேண்டும் என்பதே பெடேக்கரின் நோக்கம்.

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த சேசார் ரிட்ஸ் (1850–1918). 1898ல் பாரிஸில் அவர் திறந்த ரிட்ஸ் ஓட்டலில் மின்விளக்கும், தொலைபேசியும், அறையோடு சேர்ந்த குளியலறையும் இருந்தன. இந்த வசதிகள் மற்ற ஓட்டல்களுக்கும் பரவப் பரவ, மெழுகுவர்த்தியும் சுடுதண்ணீரும் கேட்கும் வாக்கியங்களுக்கு வேலை இல்லாமல் போனது.

அழைக்கும் முறையும் மாறியது. முன்பு பரிமாறுபவரை 'கர்சோன்' என்று கூப்பிடுவார்கள். அதற்குப் 'பையன்' என்று பொருள். இன்று அது மரியாதைக் குறைவு. 'மொஸ்யே' (ஐயா), 'மதாம்' (அம்மா) என்பதே சரி.

இன்றும் பயன்படும் சில வாக்கியங்கள்:

- போன்ழூர் – வணக்கம். இதைச் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது.
- சில் வூ ப்ளே – தயவுசெய்து. நேர்ப்பொருள்: 'உங்களுக்கு விருப்பமானால்'.
- ழ வூத்ரே யூன் சேர்வியெத் – எனக்கு ஒரு துண்டு வேண்டும்.
- பூரியே வூ ம ரெவேயே ஆ சீஸ் எர்? – என்னை 6 மணிக்கு எழுப்ப முடியுமா?
- லா நோத், சில் வூ ப்ளே – பில் கொடுங்கள். (சாப்பாட்டுக் கடையில் 'லதிசியோன்' என்று கேட்க வேண்டும்.)
- இல் இயா யூன் எரர் தான் லா நோத் – பில்லில் ஒரு தவறு இருக்கிறது.

கடைசி வாக்கியம் மட்டும் தெரிந்திருந்தால் ட்வைனின் தோழருக்கு அவ்வளவு பெரிய கடிதம் தேவைப்பட்டிருக்காது!