புலி எத்தனை முறை பாயும்? விளையாட்டு விதியும் வரலாற்றுச் சான்றும்

பழைய கோயில் மண்டபங்களின் தரைக்கற்களில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதைக் கள ஆய்வுக்குச் சென்ற பலரும் கண்டிருப்பர். ஒரு முக்கோணம், குறுக்கே ஒரு செவ்வகம், கோடுகள் கூடும் 23 புள்ளிகள். 3 புலிகள், 15 ஆடுகள். கட்டடத்தின் காலமே கட்டத்தின் காலம் என்று கொள்ள இயலாது. பின்னாளில் எவரும் செதுக்கியிருக்கலாம். அதனினும் பெரிய இடர் வேறொன்று. கல்லில் இருப்பது களம் மட்டுமே; புலி எவ்வாறு தாக்கும் என்பது அதில் இல்லை.

அடுத்த புள்ளியிலுள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பாலுள்ள வெற்றுப் புள்ளியில் புலி இறங்கினால் ஆடு வெட்டுப்படும். இதுவரை பிணக்கில்லை. ஒரே முறையில் இரண்டு, மூன்று ஆடுகளைத் தொடர்ந்து வெட்டலாமா? எல்லா ஆடுகளும் களத்தில் இறங்குமுன் வெட்டலாமா? வெட்ட வாய்ப்பிருந்தும் வேறிடம் நகரலாமா? இவற்றுக்கு ஊருக்கு ஊர் விடை வேறுபடும். தொடர்பாய்ச்சல் உண்டெனில், இடைவெளி விட்டு நிற்கும் ஆடுகள் ஒரே மூச்சில் அழியும். ஆடுகள் நெருங்கியே நிற்க வேண்டும். ஒரு விதி மாறினால் ஆட்டத்தின் போர்முறையே மாறிவிடுகிறது.

எழுத்தில் பதிந்தால் இவ்வையம் தீரும் என்று எண்ணத் தோன்றும். தீராது என்பதற்குத் தெளிவான சான்று, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் ஒவ்வொரு பூதத்துக்கும் விலங்குக்கும் அதன் வலிமையைக் குறிக்கும் பகடை எண்ணிக்கை உண்டு. சாதாரண மனிதரை எதிர்க்கையில் அவ்வெண்ணிக்கை எவ்வளவோ அத்தனை முறை அவ்வுயிரி தாக்கும் என்றும், ட்ரோல் என்னும் பூதம் ஆறு முறை தாக்கும் என்றும் ஒரு குறிப்பு இருந்தது. சாதாரண மனிதர் யார்? ஆட்டக்காரரின் வீரன் அவருள் அடங்குவானா? அடங்கினால், ஆறு தாக்குதல்களுக்கு முன் அவன் ஒரு சுற்றுக்கூடப் பிழைப்பது அரிது.

அக்குறிப்பைத் தனியே படித்தால் விடை கிடைப்பதில்லை. 1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரெனும் வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் பொம்மைப்படைப் போர் விதிகளில், ஒரு பூதம் இத்தனை படைவீரருக்குச் சமம் என்று கணக்கிடும் வழக்கம் இருந்தது. அதை ஆடிப் பழகியவருக்கு ஆறு தாக்குதல் இயல்பானது. நூலை மட்டும் வாங்கியவருக்கு அது புதிர். 1975-இல் வந்த 'கிரேஹாக்' இணைப்புநூல் நகம், பல் எனத் தாக்குதல்களை உயிரிதோறும் பிரித்தது. 1977-இன் 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் புலிக்கு இரு முன்னங்கால் அடிகளும் ஒரு கடியும் உண்டு. முன்னங்கால் இரண்டும் பட்டால் பின்னங்கால்களாலும் கீறும். அச்சேறிய புலியும் மூன்றாண்டுகளுக்குள் பாய்ச்சலை மாற்றிக்கொண்டுவிட்டது!

தென்னாசியத்தில் எழுதி வைத்தவர் இல்லாமலில்லை. மைசூரின் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) தொகுப்பித்த 'ஸ்ரீதத்துவநிதி'யின் ஒன்பதாம் பகுதியான 'கௌதுகநிதி' விளையாட்டுகளுக்கே உரியது. அரண்மனைக்கு எழுத்தர் இருந்தனர். மண்டபத் திண்ணைக்கு இல்லை. ஹென்றி பார்க்கரின் 'ஏன்ஷியன்ட் சிலோன்' (1909) தமிழரின் சிறுத்தையாட்டம் எனப் பொருள்படும் 'தெமள திவியன் கெளிய'வைப் பதிவுசெய்தது. இத்தகைய பதிவுகள் பயனுடையன. ஆயினும் ஓர் ஊரில், ஒரு நாளில், ஒருவர் சொன்ன விதி அச்சேறியதும் அதுவே ஆட்டத்தின் விதியாகிவிடுகிறது. ஏனையவை பிழையாகத் தோன்றத் தொடங்குகின்றன. ஆய்வேடுகளில் 'சரியான விதி' என்னும் தொடர் இன்றும் தயக்கமின்றி வருவது வருந்தத்தக்கது.

மைசூர் அரசின் எல்லைக்குள் 1880-களில் எழுந்த கோலார் தங்கவயல் இவ்வகையில் கவனத்துக்குரிய களம். வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழரும், தெலுங்கரும், கன்னடரும் அங்கு அருகருகே குடியேறினர். மூன்று மொழிகளிலும் புலி ஆட்டம் உண்டு. வெவ்வேறு ஊர் வழக்குடைய இருவர் ஒரே கட்டத்தின் முன் அமர்ந்தால், முதற்காய் வைக்குமுன் எதை முடிவுசெய்துகொள்வர் என்பதே அங்கு கேட்கவேண்டிய கேள்வி. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அங்குள்ளோரில் பெருந்தொகையினர் இன்று பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது.