முதியோர் இல்லம் தேர்வு: சித்தூர், திருப்பதி வட்டாரம்

முதியோர் இல்லங்களில் மூன்று வகை உண்டு. ஆதரவற்றோருக்கான இலவச இல்லங்கள் ஒரு வகை. மாதக் கட்டணம் வாங்கி, குளிக்கவும் உடுத்தவும் மாத்திரை சாப்பிடவும் கைத்துணை தருபவை இன்னொரு வகை. மூன்றாவது, தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்புகள். பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து எது எந்த வகை என்று சொல்லிவிட முடியாது. நடமாடுகிறவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் இல்லங்கள் பல. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உறவினர் படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா என்பதுதான்.

மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை வாடகைக்கு முன்பே பார்க்க வேண்டும். திருப்பதியில் 1993-இல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகமான ‘ஸ்விம்ஸ்’, ரூயா அரசு மருத்துவமனை, தேவஸ்தானத்தின் எலும்பு சிகிச்சை மருத்துவமனையான ‘பேர்ட்’ ஆகியவை இருக்கின்றன. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. சுமார் 35 கிலோமீட்டர். திருப்பதி அதைப்போல் இரு மடங்கு தொலைவு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வண்டி யார் ஓட்டுவார், கூட யார் போவார் என்பதற்கு இல்லத்தில் தெளிவான பதில் இருக்க வேண்டும். பெருமாளின் மலையடிவாரத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்க ஆசைப்படுகிறவர்கள், பிரம்மோற்சவத்திலும் வைகுண்ட ஏகாதசியிலும் சாலை எப்படி நெரியும் என்பதையும் கணக்கில் வைப்பது நல்லது.

இந்த வட்டாரத்துக்கே உரிய கவலை ஒன்று உண்டு. சித்தூர் மாவட்டம் 1911-இல் சென்னை மாகாணத்தில் உருவானது. மாவட்டம் ஆந்திராவுக்குப் போன பின், அதிலிருந்த திருத்தணி 1960-இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லையின் ஆந்திரப் பக்கம் நகரி, சத்தியவேடு, குப்பம், சித்தூர் நகரம் என்று தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. இவர்கள் தெலுங்கும் சரளமாகப் பேசுவார்கள் என்பதால் மொழி ஒரு பிரச்சினையாகவே தோன்றாது. ஆனால் மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. இடுப்பு வலிக்கிறது, தாகம் எடுக்கிறது என்று தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த பாட்டிக்கு, அது புரிகிற ஆயா ஒருவராவது இரவுப் பணியில் இருக்க வேண்டும். கட்டடத்தின் பளபளப்பைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், டயாப்பர், பிசியோதெரபி, தனி உதவியாளர் இவற்றுக்குத் தனிக் கட்டணமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வழுக்காத தரை, சக்கர நாற்காலி செல்லும் வழி, அவசர அழைப்பு மணி ஆகியவற்றை நேரில் போய்ப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனால் இல்லத்தின் உண்மை நிலை தெரியும். சேரப்போகிறவரையும் கூட்டிப்போய்ச் சில நாள் தங்கவைத்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அவர் சம்மதிக்காத இடம் சரியான இடமில்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பெற்றோருக்கும், 60 வயது நிரம்பிய மூத்த குடிமக்களுக்கும் பொருந்தும். பிள்ளையில்லாத அத்தையோ பெரியப்பாவோ, தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாக அடையவிருக்கும் உறவினரிடமும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் 23-ஆம் பிரிவின்கீழ் திரும்பப் பெறலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பது பாதுகாப்பு. மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி, மாநில அரசு அமைக்கலாம் என்கிறது இதே சட்டம்.

திருப்பதி 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டம் என்பதால், பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்குமுன் உங்கள் ஊர் எந்தக் கோட்டாட்சியரின் கீழ் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.