உள்ளாடை போடாம இருக்கலாமா? ஓஎம்ஆர் வெயிலில் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

வெயில் காலம் வந்தாலே நாவலூர், சிறுசேரி பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு அவஸ்தை உண்டு. பைக்கில் ராஜீவ் காந்தி சாலையைக் கடந்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஜீன்ஸுக்குள் வியர்த்து நனைந்துவிடும். அதே ஈரத்தோடு எட்டு, ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். மெல்ல தொடை இடுக்கில் அரிப்பு ஆரம்பிக்கும். 'பேசாம உள்ளாடையே போடாம இருந்தா என்ன?' என்று பலருக்கும் தோன்றும். யாரிடமும் கேட்கத்தான் கூச்சம்.

வீட்டில் என்றால் தாராளமாக இருக்கலாம். ஜீன்ஸுக்குள் என்றால் சிக்கல். ஏன் என்று பார்க்கலாம்.

அரிப்புக்கு என்ன காரணம்?

கடற்கரையை ஒட்டிய பகுதி என்பதால் இங்கே காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை சீக்கிரம் உலராது. சூடும் ஈரமும் சேர்ந்த தோல் மடிப்புகளில் பூஞ்சை சுலபமாக வளரும். படர்தாமரை வருவது இப்படித்தான்.

காட்டன் உள்ளாடை வியர்வையை உறிஞ்சும். தோல் நேரடியாக முரட்டுத் துணியில் உரசாமல் தடுக்கும். அதைத் தவிர்த்தால் ஜீன்ஸின் தடித்த தையல் உரசிப் புண்ணாகலாம், ஆண்களுக்கு ஜிப்பில் தோல் சிக்கும் ஆபத்தும் உண்டு. உள்ளாடையைத் தினமும் துவைப்போம். ஜீன்ஸை அப்படித் துவைப்பதில்லை. வியர்வையும் கிருமியும் படிந்த அதே துணியைத்தான் மறுநாளும் போடுகிறோம்.

எப்போது போடாமல் இருக்கலாம்?

இரவில் தூங்கும்போது, வீட்டில் லுங்கி, வேட்டி, நைட்டி போன்ற தளர்வான உடையில் இருக்கும்போது போடாமல் இருக்கலாம். காற்றோட்டம் கிடைப்பதால் தோல் உலர்ந்திருக்கும். அந்த உடையும் துவைத்ததாக இருக்க வேண்டும், அவ்ளோதான்.

பெண்களுக்கு அடிக்கடி பூஞ்சைத் தொற்று வந்தால், இறுக்கமான நைலான் உள்ளாடையைத் தவிர்த்து காட்டனுக்கு மாறுவது நல்லது. லேசான வெள்ளைப்படுதல் இயல்பானது. நிறம் மாறினாலோ, துர்நாற்றம், அரிப்பு, எரிச்சல் இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆண்களின் விந்தணுவுக்கு நல்லதா?

விரைகளுக்கு உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவான வெப்பம் தேவை. கருத்தரிப்பு சிகிச்சைக்கு வந்த தம்பதிகளில் 656 ஆண்களிடம் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. தளர்வான பாக்ஸர் அணிபவர்களுக்கு விந்தணு அடர்த்தி 25% அதிகமாக இருந்தது. இறுக்கமாகப் போட்டால் குழந்தை பிறக்காது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தளர்வான உள்ளாடையே போதும், போடாமல் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உண்மையான ஆபத்து கிரீமில்!

அரிப்பு வந்ததும் மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு கிரீம் வாங்கித் தடவுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் பூஞ்சை சாகாது, பரவிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, தொடையில் அழியாத கோடுகள் விழும். இதனால்தான் 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது.

வழக்கமான மாத்திரைக்குக் கட்டுப்படாத ஒரு வகைப் பூஞ்சையும் இந்தியாவில் பரவி வருகிறது. 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்பது அதன் பெயர். 2023இல் நியூயார்க்கிலும் இது கண்டறியப்பட்டது.

என்ன செய்யணும்?

* தினமும் துவைத்த காட்டன் உள்ளாடை போடுங்க. வியர்த்து நனைந்தால் மாற்ற ஒன்று பையில் இருக்கட்டும்.
* குளித்ததும் தொடை இடுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு உடுத்துங்க.
* பிஜி அறைக்குள் அரை ஈரத்தில் காயப்போடாமல் வெயிலில் உலர்த்துங்க.
* துண்டு, உள்ளாடையைப் பகிர வேண்டாம்.
* வட்டமாகப் படர்ந்து அரித்தால் தோல் மருத்துவரிடம் போங்க. சர்க்கரை நோய் இருந்தால் தாமதிக்கவே கூடாது.
* அரிப்பு நின்றதும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீங்க. பாதியில் விட்டால் மறுபடியும் வரும்.

கூச்சப்பட்டு மறைக்கிற நாட்களில்தான் படர்தாமரை பரவுகிறது. மருத்துவருக்கு இது தினமும் பார்க்கிற சாதாரண பிரச்சினை.