மணலில் எழுதிய முதல் எழுத்து

விசயதசமியன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிப் பெரியவர் ஒருவர் குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி, 'அ' என்று எழுதச் செய்வதை நேயர்கள் கண்டிருப்பார்கள். விரல் எழுதுகிறது, வாய் அவ்வெழுத்தைச் சொல்லுகிறது. சடங்கு அன்றோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் குழந்தை பள்ளிக்குச் சென்று அச்சுப் புத்தகத்தை விரிக்கிறது; அதுவும் பெரும்பாலும் வேறு மொழிப் புத்தகம். நம் முன்னோருடைய திண்ணைப் பள்ளிகளிலோ இஃது ஒருநாள் சடங்காக இருக்கவில்லை. மாதக்கணக்கில் நடந்த பாடமாகவே இருந்தது. அப்பாடமுறை சென்னையிலிருந்து கடல் கடந்து இங்கிலாந்து சென்றதென்பது பலர் அறியாத செய்தி.

ஆசிரியர் வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, மரநிழலோ அன்றைய பள்ளிக்கூடம். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின்முன் மணலைப் பரப்புவார்கள். ஆசிரியராவது, சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவனாவது எழுத்தை வரைந்து காட்ட, பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டி உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். தவறினால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். பிழைக்குச் சுவடே இராது. அரிச்சுவடி கைவந்த பின்னரே ஓலை. இடக்கையில் ஓலையைத் தாங்கி, வலக்கையில் எழுத்தாணி பிடித்துக் கீறவேண்டும். மிக அழுத்தினால் ஓலை கிழியும். அழுத்தாவிட்டால் எழுத்துப் பதியாது. கீறிய பின் கரியைத் தடவி எழுத்தைத் துலங்கச் செய்வார்கள். ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதுவதும் வழக்கமாயிருந்தது. ஆகவே, சொல்லைக் காதால் முன்பே அறிந்தவனே ஏட்டைத் தடையின்றிப் படிக்க இயலும். எழுத்து வேறு, படிப்பு வேறு என்ற பிரிவினை அங்கே இல்லை. தன் கை எழுதியதையே பிள்ளை முதலில் படித்தது.

இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1623ஆம் ஆண்டில் கர்நாடகத்து மலைப்பகுதி வழியே சென்ற இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வாலே, கோயில் முகப்பு ஒன்றில் நான்கு சிறுவர் மணலைத் தூவி, கணக்குப் பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே விரலால் எழுதியதைக் கண்டார். ஆசிரியர் அங்கில்லை. மறந்துவிட்டால் திருத்துபவர் யார் என்று அவர் வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் மறப்பது நடவாத காரியம் என்று சிறுவர்கள் விடையிறுத்தனர்! பயணி இதை வியந்து எழுதிவைத்ததில் வியப்பில்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். ஸ்காத்லாந்தில் 1753இல் பிறந்த பாதிரியார் ஆண்ட்ரு பெல், 1789இல் எழும்பூரிலிருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாள் காலை குதிரைமீது செல்கையில் 'மலபார் பள்ளி' ஒன்றைக் கண்டார். தமிழரை அன்றைய ஐரோப்பியர் பெரும்பாலும் மலபாரிகள் என்றே குறித்தனர். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்குமாறு அவர் துணையாசிரியரிடம் சொன்னார். அவருக்கு அதில் மனமில்லை. எனவே பெல் அந்த வகுப்பை ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். படைவீரர் ஒருவரின் மகனான அவன் அதனைத் திறம்பட நடத்தினான். 1796இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டே தம் சோதனையை இலண்டனில் நூலாக்கினார். அம்முறை 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்று, 1811இல் தோன்றிய தேசியக் கல்விச் சங்கத்தின் பள்ளிகளில் பரவியது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டரும் இலண்டன் ஏழைப் பிள்ளைகளுக்கு மணற்பலகையில் எழுத்துக் கற்பித்தார். முறையைக் கண்டவர் யார் என்று இருதரப்பாரும் நெடுநாள் பூசலிட்டனர். திண்ணை வாத்தியாரை எவரும் கேட்கவில்லை. எனினும், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1814இல் வங்காளத்துக்கு விடுத்த கடிதத்தில், இந்தியாவிலிருந்தே அம்முறை இங்கிலாந்துக்குச் சென்றதென ஒப்புக்கொண்டனர்.

அங்கே சென்றது முழு முறையன்று என்பது என் கருத்து. ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் நடத்தும் சிக்கனமே அவர்களைக் கவர்ந்தது. திண்ணையிலோ பத்து இருபது பிள்ளைகள். ஒவ்வொன்றும் தன் தன் எழுத்தில் நிற்கும். ஒருவன் உயிரெழுத்தில், மற்றொருவன் எண்சுவடியில்.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்ட கணக்கெடுப்பால் இப்பள்ளிகளின் நிலை தெரியவருகிறது. 1826ஆம் ஆண்டுக் குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். மக்கள்தொகையில் இது 67 பேருக்கு ஒருவர். அவர்களுள் பெண்கள் 4,540 பேரே என்பதையும் மறைத்தலாகாது. தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத பிள்ளைகளே பெரும்பான்மையினராயினும், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டோருக்குத் திண்ணை எளிதில் இடந்தரவில்லை.

அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பல்லாரியின் கலெக்டர் காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை மிகச் சுவையானது. மணலுக்கு அடுத்த எழுதுபொருள்களை அவர் விவரிக்கிறார்: ஓலை, நாணற்பேனாவும் காகிதமும், சோறும் கரித்தூளும் பூசிய மூன்றடி நீளப் பலகை, கஞ்சியிட்டு விறைப்பாக்கிப் புத்தகம்போல் மடித்த துணி. பின்னிரண்டிலும் வெண்ணிறச் சுண்ணக்கோலால் எழுதி, ஈரத் துணியால் அழிப்பார்கள். முறையின் சிக்கனத்தையும், மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பதையும் புகழ்ந்த காம்பெல், பொருள் விளங்காமல் செய்யுட்களை உருப்போடும் குறையையும் சுட்டினார். வறுமையால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இயலாமற்போவதையும் எழுதினார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுப் பாடநூலும் கற்பலகையும் வந்தன. அரசு மானியமும் ஆய்வாளர் வருகையும் உடன் வந்தன. உருப்போடுதல் ஒழியவில்லை, மணல்தான் ஒழிந்தது.

வெளிமாநிலத் தமிழ்க் குழந்தையின் நிலை, திண்ணைக்கு வந்த பிள்ளையின் நிலையை ஒருவாறு ஒத்தது. தமிழ் அதன் காதில் இருக்கிறது; கையில் இல்லை. பாட்டிக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புகையில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறது. விடுமுறையில் தமிழ்ப் புத்தகம் வாங்கிப் படிக்கப் பழக்கும் பெற்றோர் பலர், எழுதப் பழக்குவதைப் பின்னுக்கு ஒத்திவைக்கின்றனர். ஒரு தட்டு மணலும், எழுத்தறிந்த மூத்த பிள்ளை ஒன்றும் வீட்டில் இருந்தால் போதும். ட, ப, ம போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கலாம். சுழிகள் மிகுந்த இ, ஞ ஆகியவை விரல் பழகிய பின்னர் வரட்டும்.