பாக்டீரியாவழிப் புற்றுநோய் மருத்துவம்

பாக்டீரியாவழிப் புற்றுநோய் மருத்துவம் என்பது பாக்டீரியாக்களைக் கொண்டு, புற்றுநோய்க் கட்டிகளுக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் மருத்துவ முறையாகும். மரபணு மாற்றம் செய்யப்பட்ட பாக்டீரியாக்களைப் பயன்படுத்தும் முறைகள் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

வரலாறு

நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1891 இல் புற்றுநோயாளி ஒருவருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை ஊசிமூலம் செலுத்தினார். கட்டி சுருங்கியது. ஆனால் பின்னர் வேறு சில நோயாளிகள் தொற்றினால் இறந்தமையால், கொல்லப்பட்ட பாக்டீரியாக்களின் கலவைக்கு அவர் மாறினார். கதிர் மருத்துவம் பரவியபின் இம்முறை வழக்கொழிந்தது. 1976 இல் கனடாவில் ஆல்வரோ மொராலஸ், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பையினுள் செலுத்தி அங்குள்ள மேலோட்டமான புற்றுநோயைக் கட்டுப்படுத்தலாம் எனக் காட்டினார். மரபணு மாற்றம் ஏதுமற்ற இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

செயற்படும் முறை

பெரிய கட்டிகளின் நடுப்பகுதியில் குருதியோட்டமும் ஆக்சிசனும் குறைவு. மருந்துகள் அங்கே எளிதில் சென்றடைவதில்லை. எதிர்ப்பு உயிரணுக்களும் முடங்கிக் கிடக்கின்றன. இதே காரணங்களால் சில பாக்டீரியாக்களுக்கு அவ்விடம் பாதுகாப்பான உறைவிடமாகிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தால் டானினோ, நிக்கலஸ் அர்பையா ஆகியோரின் குழு 2019 இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் பயன்படுத்திக்கொண்டது. புற்றுநோய் உயிரணுக்கள் தம்மேல் தாங்கும் சிடி47 என்னும் புரதம், விழுங்கும் உயிரணுக்களைத் தடுத்து நிறுத்துகிறது. அப்புரதத்தை மறைக்கும் சிறு எதிர்ப்பொருளைத் தீங்கற்ற எசரிக்கியா கோலி பாக்டீரியா தயாரிக்குமாறு அதன் மரபணு மாற்றப்பட்டது. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சைகை மூலக்கூற்றை வெளியிடும். எண்ணிக்கை பெருகி அதன் செறிவு வரம்பைத் தாண்டியதும் பெரும்பாலானவை உடைந்து எதிர்ப்பொருளைக் கொட்டிவிடும். எஞ்சிய சில மீண்டும் பெருகும். மின்னணுவியலில் அலைவியற்றி செய்யும் வேலையை இது பெரிதும் ஒத்தது. எலிகளில் ஊசி போட்ட கட்டி மட்டுமன்றி, ஊசி போடாத கட்டியின் வளர்ச்சியும் குறைந்தது. டி உயிரணுக்கள் உடல் முழுவதும் விழிப்படைந்தமையே இதற்குக் காரணம்.

சிக்கல்கள்

எலியில் கிட்டும் வெற்றி மனிதரில் கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. நச்சுத்தன்மை குறைக்கப்பட்ட விஎன்பி20009 என்னும் சால்மோனெல்லா எலிகளில் கட்டியை நன்கு கட்டுப்படுத்தியது. 25 நோயாளிகளிடம் நடந்து 2002 இல் வெளியான சோதனையிலோ, மூவரின் கட்டியில் மட்டுமே அது குடியேறியது; எவருடைய கட்டியும் சுருங்கவில்லை. நச்சைக் குறைத்தால் தூண்டலும் குறையலாம், கூட்டினால் குருதி நச்சூட்டம் நேரலாம் என்பதே இத்துறையின் அடிப்படை இக்கட்டு. மேலும், செருகிய மரபணுச் சுற்றை இழந்த பாக்டீரியாக்கள் சுமை குறைந்து விரைவாகப் பெருகக்கூடும். ஆகவே, தேவைப்படின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் எளிதில் அழியக்கூடிய வகைகளே சோதனைக்குத் தெரிவு செய்யப்படுகின்றன.