பெயரில்லாத 480 பேர்

என் மூத்தம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே வாயில் பல் இல்லை. மருதானை வீட்டின் பின்கட்டில் இருந்து அவர் வெற்றிலை இடிக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வாப்பாவோ ஐவேளை வுழூவுக்கும் மிஸ்வாக் குச்சியோடு நின்றவர்; பற்கள் கடைசிவரை கூடவே வந்தன. துலக்கினால் நிற்கும், துலக்காவிட்டால் விழும்; கணக்கு அவ்வளவுதான் என்றிருந்தேன்.

சென்ற ஆண்டு என் முரசில் இரத்தம் கசிந்தது. பல் வைத்தியர் முதலில் கேட்டது துலக்குவதைப் பற்றியல்ல. "சீனி இருக்கா? சிகரெட்?" என்றார். பிறகு, முரசு நோயைப் பற்றி உலகம் படிக்கும் பாடத்தில் ஒரு பெரும்பகுதி நம் மலையகத்தில் எழுதப்பட்டது என்றார். தேடிப் படித்தேன்.

நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1970இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தார்கள். பிரஷ் அறியாதவர்கள், பல் வைத்தியரைக் காணாதவர்கள். சூத்தைப் பல் மட்டும் அநேகமாக இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவில், சிறுவயது முதலே பல் வைத்தியம் பெற்று வளர்ந்த 565 பேர். 1985 வரை பரிசோதனைகள் தொடர்ந்தன.

எல்லோர் பல்லிலும் அழுக்குப் படை, எல்லோர் முரசிலும் வீக்கம். ஆனால் முடிவு ஒன்றல்ல. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவிப் பற்களைக் கழற்றியது. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக நகர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு வீக்கத்தைத் தாண்டவேயில்லை. ஒரே லயம், ஒரே உணவு, ஒரே அழுக்கு, விதி மூன்று. அழுக்கில்லாமல் நோய் இல்லை, அழுக்கு மட்டுமே நோயும் இல்லை என்பது அங்கேதான் துலங்கியது. உடம்பின் எதிர்ப்பு, புகையிலை, நீரிழிவு என்று மருத்துவம் பின்னர் கேட்ட கேள்விகளுக்கு அது வழி திறந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. 'நோயின் இயற்கை வரலாறு' என்று அந்தக் கட்டுரைக்குத் தலைப்பு. சிகிச்சை எட்டாத வாயில்தானே நோயை அதன் போக்கில் பார்க்கலாம்! 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பங்கு பிரிக்கப்பட்ட மக்களின் வாய் அது. 1970களில் மலையகத்திலிருந்து கப்பல் ஏறிப் போனவர்கள் எத்தனை ஆயிரம். 1985இல் 480 பேரில் 161 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. ஒஸ்லோக்காரருக்கு இருந்த வைத்தியம் இவர்களுக்கு ஏன் இல்லை என்பதை யாரும் இயற்கையின் கணக்கில் எழுதிவிட முடியாது.

2010இல் மறுபடியும் தேடிப் போனார்கள். 75 பேர் கிடைத்தார்கள். நாற்பது ஆண்டுக் கணக்கு 2017இல் வெளியானது. அதிலும் பற்கள் எண்ணப்பட்டிருக்கின்றன, பெயர்கள் இல்லை.